வெயிலுக்குப் பூசிய களிம்பும் ஒன்றரை மணி நேரச் சாமியாரும்

என் ஆயுளில் ஒரே ஒரு தடவை நான் சாமியாராக இருந்திருக்கிறேன். பங்குனி வெயிலில், பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகிற ரோட்டில், சுமார் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் பதினேழு பேர் என் காலில் விழுந்தார்கள். (எண்ணியது நான் இல்லை. எண்ணிய ஆள் பின்னால் வருவார்.) பதினெட்டாவதாக விழுந்தவர், எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதர்.

முருகன் சத்தியமாக நான் எந்த வேஷமும் போடவில்லை. போட்டதெல்லாம் வெயிலுக்கு ஒரு களிம்புதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தைந்து வயது. எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டார் ரிப்பேர் வேலை. கிராமத்துக்குக் கிராமம் கரண்ட் வந்து, மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்றிலெல்லாம் பம்ப்செட் மாட்டிய காலம். மாட்டிய மோட்டார் நிற்காமல் ஓடினால் எனக்குச் சோறு ஏது? நல்லவேளையாக அவை அடிக்கடி நின்றன. அன்னூர், அவிநாசி, சூலூர் என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு காலையில் போனால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவேன். தலையில் ஒரு துண்டு கட்டியிருப்பேன்.

அந்தத் துண்டுதான் வினை. துண்டுக்கு மேலே இருந்த நெற்றி எங்கள் அம்மா பெற்றபடியே இருந்தது. துண்டுக்குக் கீழே இருந்த முகம் வெயில் பெற்றதாக ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை. மூக்கு வாரத்துக்கு ஒரு தடவை தோல் உரித்தது. துண்டை அவிழ்த்தால் பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அம்மாதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஏங்கண்ணு, உன்ற மூஞ்சி கீழ அடிப்புடிச்சு மேல வேகாத ராயிக்களியாட்ட இருக்குது. இதைக் கொண்டுபோயி பொண்ணூட்டுல எப்படிக் காட்டறது?"

பெண் வீடு என்று அவள் சொன்னது சும்மா இல்லை. அம்மாவின் தம்பி ஆறுமுக மாமனுக்குப் பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம். அவர் கொப்பரை வாங்குகிற தோப்புக்காரர் ஒருவருடைய பெண்ணுக்கு என்னைப் பேசிக்கொண்டிருந்தார். தோப்புக்காரர் பெயர் நாச்சிமுத்து. பெண் பெயர் ருக்மணி.

அவளை நான் ஒரு தடவை பார்த்திருந்தேன். மருதமலைப் படியில். நான் அர்ச்சனைத் தட்டோடு இறங்கிக்கொண்டிருந்தேன். தேங்காய் மூடி ஒன்று தட்டிலிருந்து தவறிப் படிப்படியாக உருண்டு ஓடியது. நான் குனிந்துகொண்டே அதைத் துரத்தினேன். இருபது படிக்குக் கீழே ஒரு பெண் அதைக் காலால் அணை கட்டாமல் (தேங்காய் சாமி பிரசாதமாயிற்றே) குனிந்து இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். "இந்தாங்க, உங்களுக்கு முன்னாலயே ஊடு போயிச் சேந்திருமாட்ட இருக்குது" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்தாள். அவள்தான் ருக்மணி என்று கூட வந்திருந்த மாமன் பிறகு சொன்னார். அன்றிலிருந்து எனக்கு வேறு எந்தப் பெண் வீட்டைப் பற்றியும் காது கேட்காமல் போய்விட்டது.

ஆகவே முகத்தைச் சீர் செய்ய இறங்கினேன்.

முதலில் தேங்காய் எண்ணெய். தேய்த்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் போனால் என் முகம் வேகிற வாசம் எனக்கே வந்தது. அடுத்தது பவுடர். வேர்வையில் கோடு கோடாக இறங்கி, முகம் மழையில் நனைந்த பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. பிறகு கடையில் ஸ்னோ வாங்கினேன். நல்ல வாசனை. செம்மண் தூசி அவ்வளவும் வாசனைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. வீடு திரும்பும்போது என் முகத்தில் ஒரு போகம் கடலை போடலாம். கடைசியில் சைக்கிளில் ஒரு குடையைக் கட்டிப் பார்த்தேன். சூலூர்ப் பக்கம் வீசிய காற்றில் அது தாமரைப் பூவாக விரிந்து, என்னையும் சைக்கிளையும் ஒரு சோளக்காட்டுக்குள் இறக்கிவிட்டது.

இதெல்லாம் கண்டு ஆறுமுக மாமன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததோடு நிறுத்தாமல் பொள்ளாச்சிக்குப் போய் நாச்சிமுத்துவிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க, மூஞ்சிக்குப் பவுடரும் ஸ்னோவும் பூசற பையனுங்களா? சோக்குப் பேர்வழிக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது?" என்று பேச்சை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டார்.

மாமன் பயந்துபோய் ஓடி வந்தார். பேசிப் பேசி, கடைசியில் இப்படி முடிந்தது: தோப்பில் ஒரு மோட்டார் கிடக்கிறது, மூன்று மெக்கானிக் பார்த்தும் ஓடவில்லை. பையன் வரட்டும். அதைப் பார்க்கட்டும். பையனையும் அப்போதே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தேதி, பங்குனி உத்திரத்துக்கு மூன்று நாள் முன்னால்.

எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு நாள். மூக்கு உரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவரிடம் போய் நின்றேன். பெரியவர், பொறுமைசாலி. என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்னோவெல்லாம் மினுக்கறதுக்குங்க. வெயிலு அதை மதிக்காது. உங்களுக்கு வேணுங்கறது தடுக்கறதுங்க" என்று சொல்லி, ஒரு தகர டப்பாவில் கட்டியான வெள்ளைக் களிம்பை அடைத்துக் கொடுத்தார். ஜிங்க் களிம்பு. எரிச்சலுக்கு இதமாக இருக்கட்டும் என்று துளி கற்பூரமும் போட்டுக் குழைத்திருந்தார்.

"குடைன்னு வெச்சுக்கோங்க. மூஞ்சியோட ஒட்டற குடை. கடலைக்கொட்டை அளவு எடுத்து மெலிசா, நல்லாத் தேச்சுப் போடோணும். வெயில்ல எறங்கறதுக்குக் கால்மணி நேரம் முந்தியே போட்டுரோணும். காது மடலையும் பிடறியையும் எல்லாரும் மறந்துருவாங்க, நீங்க மறந்துராதீங்க. வேர்த்து வழிஞ்சா தொடச்சுப்போட்டு மறுக்காப் போடுங்க. முக்கியமா, தினமும் போடோணுங்க. தெரியுதுங்களா? ஒரு நாளு போட்டா ஒரு நாளைக்குத்தான்."

"போட்டப்புறம் ஏதாவது பத்தியமுங்களா?" என்றேன்.

"பத்தியமெல்லாம் இல்லீங்க. புடிக்கற வரைக்கும் சித்த நேரம் மூஞ்சியக் கோணாம இருந்தாச் சரி."

தினமும் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டில் நல்ல பொருள் எதையும் தினமும் எடுக்கிற வழக்கம் கிடையாது. நல்ல சட்டை நோம்பி நாளுக்கு. நல்ல சொம்பு விருந்தாளிக்கு. நெய் பண்டிகைக்கு. அப்படி வளர்ந்தவன் இவ்வளவு உசத்தியான களிம்பைக் கண்ட நாளில் கண்ட மோட்டாருக்குப் பூசுவானா? டப்பாவைக் கொண்டுவந்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். பன்னிரண்டு நாளும் விளக்கேற்றும்போது அதையும் சேர்த்துக் கும்பிட்டேன். பன்னிரண்டு நாளும் வெறும் முகத்தோடு வெயிலில் வெந்தேன். பொள்ளாச்சிக்குப் புறப்படுகிற நாளில் மூக்கு தக்காளி நிறத்துக்கு வந்திருந்தது; டப்பா நிறைய இருந்தது.

கிளம்பும்போது புதுச் சட்டையையும் சலவை வேட்டியையும் கசங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். (அதுவும் நோம்பிக் கணக்குதான். தோப்பு வாசலில் போட்டுக்கொள்ளலாமே.) உடுத்தியிருந்தது பட்டறை வேட்டி. ஒரு காலத்தில் வெள்ளை. துருவும் செம்மண்ணும் ஏறி ஏறிக் காவிக்கு வந்துவிட்டது. மேலே ஒரு துண்டு மட்டும். தோளில் ஆயுதப் பை. கையில் குழாய் திருகுகிற பெரிய பைப் ரிஞ்சு. வெயிலில் இரும்பு கொதிக்கும் என்று அதற்கு ஒரு மஞ்சள் துணியைச் சுற்றியிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொள்ளாச்சியில் இறங்கினால், உடுமலை ரோடு முழுக்க ஜனம். உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள். காவடியும் தீர்த்தக் குடமுமாக அரோகரா சத்தம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. தோப்பு நாலு மைல்தானே, நடந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அத்தனை பேரும் வெறுங்காலோடு போகும்போது நான் மட்டும் செருப்புப் போட்டு நடக்க மனசு ஒப்பவில்லை. அதையும் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

நடப்பதற்கு முன்னால் ஒரு சலூனுக்குள் போய்க் கண்ணாடிக்கு எதிரே நின்று டப்பாவைத் திறந்தேன். கடலைக்கொட்டை அளவு என்று கம்பவுண்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அது சாதாரண நாளுக்கான அளவு என்று நானே தீர்மானித்தேன். இன்றைக்குப் பெண் வீடு. இரண்டு விரலால் வழித்தேன். பிறகு நாலு விரலால். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, நெற்றியிலிருந்து தாடைவரை டப்பா காலியாகும்வரை பூசினேன். சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். நான் வெளியே இறங்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார். மரியாதையான ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் சொன்ன ஏழெட்டு விஷயங்களில் எனக்கு அப்போது நன்றாக ஞாபகம் இருந்தது ஒன்றுதான். முகத்தைக் கோணக்கூடாது. வாயைத் திறந்தால் களிம்பு வெடித்துவிடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் திரும்பவில்லை. கண்ணைக்கூட அரைவாசிதான் திறந்திருந்தேன்.

இப்போது ரோட்டில் போகிறவர்கள் கண்ணால் என்னைப் பாருங்கள். காவி வேட்டி. வெற்று மார்பில் ஒரு துண்டு. தோளில் பை. கையில் மஞ்சள் துணி சுற்றிய தண்டம். வெறுங்கால். முகம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூச்சு. கிட்டே வந்தால் கற்பூர வாசம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

முதல் பர்லாங்கிலேயே ஒரு பெரியம்மா தீர்த்தக் குடத்தை மகளிடம் கொடுத்துவிட்டு என் காலில் விழுந்தாள். நான் பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று கையைத் தூக்கினேன். வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினால் அது எப்படி இருக்கும்? "கையெடுத்து ஆசீர்வாதம் பண்ணிப்போட்டாருங்க சாமி" என்று அவள் கண் கலங்கினாள். பின்னால் வந்த நாலு பேர் விழுந்தார்கள். நான் வேகமாக நடந்தேன். "மௌன சாமி, நிக்காமப் போறாரு பாருங்க" என்று அவர்களும் வேகமாக நடந்தார்கள். மூடிய வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போனேன். உதடு அசைவதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் களிம்பு வெடிக்கும். களிம்பு வெடித்தால் மூக்கு உரியும். மூக்கு உரிந்தால் ருக்மணி போய்விடுவாள். இருபத்தைந்து வயதில் புத்தி இந்த வழியில்தான் போகும்.

தோப்பு வந்தது. ரோட்டோரத்தில் தென்னங்கீற்றுப் பந்தல், பெரிய பானைகளில் நீர்மோர், நடந்து வருகிறவர்களுக்கு. பானைக்குப் பின்னால் ஒரு பெண் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ருக்மணி. அதாவது, பந்தல்காரர்தான் நாச்சிமுத்து. நான் ஒளிந்து சட்டை மாற்றிக்கொள்ள ஒரு மரம் தேடினேன். அதற்குள் என் பின்னால் வந்த கூட்டம் என்னைப் பந்தலுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

நாச்சிமுத்து ஓடி வந்தார். ஆறடி உயரம், பெரிய மீசை. சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, நான் இழுக்க இழுக்க என் காலைப் பிடித்துக் கழுவினார். பலகை போட்டு உட்கார வைத்தார். ருக்மணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகராமல் என்னையே பார்த்தாள். முகத்தை இல்லை. முகத்துக்கு இரண்டு பக்கமும்.

"அப்பா, சாமி காதுக்கு மட்டும் ஏனுங்க திருநீறு பூசல?" என்றாள்.

"சும்மா இரு அம்மணி. பெரியவிய காரணம் இல்லாமச் செய்ய மாட்டாங்க" என்றார் அவர். பிறகு என் எதிரே கைகட்டி நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாமி, வாயத் தொறந்து சொல்லோணும்னு இல்லீங்க. மனசுல ஒரு சங்கடமுங்க. என்ற புள்ளைக்கு ஒரு எடம் வந்திருக்குதுங்க. கணபதியில மோட்டார் வேலை செய்யற பையன். குடும்பம் நல்ல குடும்பமுங்க. ஆனா பையன் மூஞ்சிக்குப் பவுடரு, ஸ்னோன்னு பூசறவன்னு கேள்வி. அப்படிப்பட்டவன் பொறுப்பா இருப்பானுங்களா? பழனிக்குப் போற பாதையில வந்திருக்கறீங்க. அந்த ஆண்டவனே உங்களை அனுப்பிச்ச மாதிரி இருக்குதுங்க. குடுக்கலாங்களா?"

காவடிக்காரர்கள் மோர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

இதை எழுதும்போதும் எனக்கு வேர்க்கிறது. பெண்ணின் தகப்பன் என்னிடமே வந்து என்னைப் பற்றிக் கேட்கிறார். ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். கல்யாணம் நிச்சயம். நான் யோசிக்கவே இல்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மை என்னவென்றால் என் தலை என்னைக் கேட்காமலே ஆடிவிட்டது. மேலும் கீழும். மூன்று தடவை.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. "முருகா" என்று சொல்லி, அந்த ஆறடி மனிதர், நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விழ வேண்டிய கால் அவருடையது. கல்யாணப் பந்தலில் பெற்றவளுக்கு அடுத்து நான் கும்பிட வேண்டிய மனிதர் என் அழுக்குக் காலில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடக்கிறார். அதுவும் பழனி பாதையில், உத்திரத்து நேரத்தில். ருக்மணி கிடைத்தாலும் இந்த முகத்தை வைத்துக்கொண்டு முருகன் படத்துக்கு எப்படி விளக்கேற்றுவேன்? பலகையைத் தள்ளிவிட்டு நானும் தரையில் விழுந்தேன். இரண்டு தலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"மாமா, எந்திரிங்க" என்றேன். வாயைத் திறந்ததும் களிம்பு கன்னத்தில் பாளம் பாளமாகப் பிளந்தது. "நான் சாமி இல்லீங்க. நான்தானுங்க அந்த மோட்டார்க்காரன்."

அவர் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். இதற்குள் இன்னொரு விபரீதம். சாமியே இவர் காலில் விழுகிறதென்றால் இவர் எவ்வளவு பெரிய மகானாக இருக்க வேண்டும் என்று இரண்டு காவடிக்காரர்கள் நாச்சிமுத்துவின் காலில் விழுந்துவிட்டார்கள்.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்றைக்கு அவர் பேசியது முழுக்க மரியாதை.

"ஏனுங்க தம்பி. இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? சாமி வேஷம் போட்டுட்டு வந்து பொண்ணுக் கேக்கறீங்களா?"

"வேஷமில்லீங்க மாமா. வெயிலுக்குங்க."

"என்னதுங்க?"

"வெயிலு மூஞ்சியச் சுடக்கூடாதுன்னு கம்பவுண்டர் குடுத்த மருந்துங்க."

"வெயில்ல சுடாம இருக்கறதுக்கு மூஞ்சில சுண்ணாம்படிக்கறதுங்களா? எங்களுக்கெல்லாம் வெயிலே அடிக்கறதில்லீங்களா?" என்றார். அப்போதுதான் கவனித்தேன்; அவருடைய மூக்கும் தோலுரிந்துதான் இருந்தது. "சரிங்க. வந்தது வந்துட்டீங்க. மோட்டாரைப் பாத்துப்போட்டு மகராசனாப் பொறப்படுங்க. சோறு வேணும்னா சாப்புட்டுப் போங்க."

முதலில் என் காலில் விழுந்த பெரியம்மா அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். என் அருகே வந்து, விரலால் என் கன்னத்தைத் தொட்டு, மோந்து பார்த்தாள். "பிசுபிசுங்குது" என்று சொல்லிக் கையைத் தென்னை மரத்தில் துடைத்தாள். ஏமாற்றமாகத்தான் போனாள். அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். போகவில்லை. சேம்பு இலைமேல் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு ஓடியது. மணலைப் போட்டுத் தேய்த்தேன், மணலும் ஒட்டிக்கொண்டது. சரி என்று அந்த முகத்தோடே மோட்டாரைப் பிரித்தேன். மூன்று மெக்கானிக்கும் மோட்டாரைத்தான் பார்த்திருந்தார்கள். கோளாறு ஸ்டார்ட்டரில் இருந்தது. உள்ளே ஒரு ஓணான் குடும்பம் நடத்தியிருந்தது. துடைத்து, தீய்ந்த முனையைச் சுரண்டி, கம்பியை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உறுமி, குழாய் இரண்டு தடவை இருமி, தண்ணீர் தொட்டியில் விழுந்தது. சந்தோஷப்பட யாரும் இல்லை.

திரும்பிப் பார்த்தால் ருக்மணி. ஒரு கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம், ஒரு கையில் சீயக்காய். இரண்டையும் தொட்டி மேட்டில் வைத்தாள்.

"எண்ணெயத் தேச்சுத் தொடச்சாத்தான் போகுமுங்க. அப்புறம் சீயக்கா போடுங்க" என்றாள். நான் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் போகவில்லை.

"பதினேழு பேருங்க" என்றாள்.

"என்னதுங்க?"

"உங்க கால்ல விழுந்தது. ரோட்டுல விழுந்தவங்களை நடந்து வந்தவங்ககிட்டக் கேட்டுக்கிட்டேன், மிச்சம் நான் பார்த்தது. அப்பாவைச் சேக்காம."

நான் எண்ணெயை இன்னும் வேகமாகத் தேய்த்தேன்.

"உங்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "மருதமலையில தேங்காய் மூடியத் தொரத்திக்கிட்டு வந்தப்ப மூஞ்சி எங்கீங்க தெரிஞ்சது? குனிஞ்சுக்கிட்டே வந்தீங்க. காதுதான் தெரிஞ்சது. ரெண்டு பக்கமும் தனியாத் தெரிஞ்சது. இன்னிக்கும் அதையே தொறந்து போட்டுட்டு வந்திருக்கறீங்க."

"அப்ப ஏனுங்க உங்கப்பாகிட்டச் சொல்லல?"

"என்ன பண்றீங்கன்னு பாக்கலாம்னுதானுங்க." கன்னத்துக்குள் அந்தப் பழைய சிரிப்பு. "தலையாட்டினதோட நிறுத்தியிருந்தீங்கன்னா மோர்ப்பானைய உங்க தலையில கவுத்தியிருப்பேனுங்க. அது சரி. அந்தத் தலையாட்டினது யாருங்க? சாமியா, மாப்பிள்ளையா?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "சாமியப் பத்தி எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "மாப்பிள்ளைக்குச் சம்மதமுங்க."

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முகம் துடைத்துக்கொண்டு புதுச் சட்டை போட்டு நான் பந்தலுக்கு வந்தபோது, அப்பாவும் மகளும் பேசி முடித்திருந்தார்கள். நாச்சிமுத்து என்னை வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தினார். முகத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். பிடறியைத் திருப்பிப் பார்த்தார். களிம்பு பட்ட இடம் காலையில் இருந்த மாதிரியே இருந்தது. காதும் பிடறியும் சுட்ட அப்பளம் மாதிரி சிவந்து கொப்பளித்திருந்தன.

"ஏனுங்க, மருந்து வேலை செஞ்சிருக்குதாட்ட இருக்குது" என்றார் மெதுவாக. தன் மூக்கைத் தடவிக்கொண்டார். "அந்த டப்பா கோயமுத்தூர்ல எங்கீங்க கிடைக்கும்?"

அப்புறம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "நான் கேட்டது மலைமேல இருக்கறவனை நெனைச்சுங்க. அவன் யாரு தலைய ஆட்டி வெச்சாலும் ஆட்டினது ஆட்டினதுதான். ஆனா பதினேழு பேரு உங்களை நம்பி விழுந்திருக்கறாங்க. அது உங்க மேல நிக்குது. வருசா வருசம் உத்திரத்துக்கு இந்தப் பந்தல்ல வந்து நில்லுங்க. மோர் ஊத்துங்க. நடந்து போறவங்க பதினேழு பேரு கால்ல நீங்க விழோணும். சம்மதமுங்களா?"

நான் தலையாட்டவில்லை. வாயைத் திறந்து, சம்மதமுங்க மாமா, என்றேன். பதினெட்டாவது கால் வருஷா வருஷம் அவருடையது என்று சொல்லி அப்போதே விழுந்தேன். வைகாசியில் கல்யாணம்.

கம்பவுண்டர் சொன்னதை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கேட்டேன். கடலைக்கொட்டை அளவு, மெலிசாக, தினமும். நோம்பி நாள் என்று அதிகமும் இல்லை, வெறும் நாள் என்று குறைவும் இல்லை. மாமாவும் தோப்புக்குள் இறங்கும்போது மூக்கில் ஒரு பொட்டு வைத்துக்கொள்வார். யாராவது கேட்டால் "மாப்பிள்ளை குடுத்த திருநீறுங்க" என்பார். இப்போது பேத்தி டப்பாவுக்குப் பதில் டியூப் வாங்கி வருகிறாள். மேலே என்னவோ நம்பர் போட்டிருக்கிறது. பூசினால் வெள்ளையாகத் தெரிவதே இல்லை. அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால் எனக்குப் பெண் கிடைத்திருக்காது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். கடைக்குப் போகட்டுமா என்பதற்கு நான் தலையாட்டினால்கூட, "யாருங்க தாத்தா ஆட்டினது, சாமியா மாப்பிள்ளையா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்காமல் விடுவதில்லை.

பந்தல் இன்றும் நடக்கிறது. பதினேழு தடவை குனிந்து எழுந்திருக்க முழங்கால் இப்போது சம்மதிப்பதில்லை. ருக்மணி மோர் ஊற்றிக்கொண்டே "பன்னெண்டு ஆச்சுங்க, இன்னும் அஞ்சு" என்று எண்ணுவாள். மாமா போன பிறகு பதினெட்டாவது இடம் காலியாகிவிட்டது. முதல் வருஷம் நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ருக்மணி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். கன்னத்துக்குள் அதே சிரிப்பு.

அன்றிலிருந்து பதினெட்டாவது அவள்தான். போன உத்திரத்துக்கும் குனிந்தேன். ஆசீர்வாதத்துக்காகத் தலைமேல் வந்த கை பாதியில் நின்றது.

"இன்னிக்கும் காதுக்குப் போடலீங்களா?" என்றாள். இடுப்பிலிருந்து டியூபை எடுத்து, நடந்து போகிற ஜனம் அத்தனையும் பார்க்க, என் இரண்டு காதுக்கும் பிடறிக்கும் தேய்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கச் சொன்னாள்.